கொடியில் எங்கட நிறம்

சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முந்தி, ஆறாந் தரப் பிள்ளைகளுக்குத் தேசியக் கொடியை வரைந்து நிறந்தீட்டக் கொடுத்திருந்தேன். சிங்கத்தின் வாலோடும் வாளோடும் எல்லோரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பச்ச எங்கட நெறம்தானே? அப்ப ஏன் அத ஓரத்துல போட்டீக்கி?"

"பச்சை முஸ்லிம்கள், செம்மஞ்சள் தமிழர், கடுஞ்சிவப்பு சிங்களவர். எல்லாரும் சேர்ந்ததுதான் நாடு" என்று, நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லித்தந்த அதே பதிலைச் சொல்லி வைத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. அன்று சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நிறங்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல் இன்று எல்லோரிடமும் இருக்கிறது. கலியாணக் கார்ட் அச்சடிப்பவரிடமும் கேட்கலாம், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவரிடமும் கேட்கலாம். சிவப்பு அபாயம், வெள்ளை சமாதானம், பச்சை செழிப்பு. நிறத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு என்ற நினைப்பே இந்தப் பட்டியல்களின் குறை. சொல்லுக்கே அப்படி ஒரு பொருள் நிலைப்பதில்லையே! கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லும் கோபத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பிய உரியியல். அவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்கிறது. திருக்குறளில் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்பது அறிவின்மைக்குப் பெயராக வருகிறது. பச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப்பிள்ளை, பச்சை உடம்பு, பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய் என்று நாளாந்தம் பேசுகிறோம். பசுமை பிறந்த வேரில்தான், பிரிவுத் துயரில் மேனியில் படரும் பசலையும் பிறந்தது. செழிப்புக்கும் வாட்டத்துக்கும் ஒரே வேர்.

புத்தகத்தை மூடிவிட்டு வத்தேகம டவுனுக்கு வந்தாலும் இதே கதைதான். போயா நாளில் வெள்ளை உடுத்துப் பன்சலைக்குப் போகிறார்கள். அதே பாதையில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அது மரண வீடு. சேர்ச்சில் மணப்பெண்ணுக்கு வெள்ளை. தோட்டத்துப் பழைய தலைமுறையில் தாலி இழந்தவளுக்கு வெள்ளை. எங்களுக்கோ அது ஜும்ஆ உடுப்பு, இஹ்ராம், கடைசியில் கபன். உடுக்கவும் மையித்தைக் கபனிடவும் வெள்ளையையே விரும்பிச் சொன்ன நபிமொழி ஒன்று உண்டு. வாழ்வையும் மரணத்தையும் அது ஒரே நிறத்தில் சேர்த்துவிடுகிறது.

பச்சைக்கும் இப்படித்தான். ஸ்டேஷனில் பச்சைக் கொடி அசைந்தால் மாத்தளை ரயில் புறப்படும். தேர்தல் காலத்தில் "அவர் பச்சை" என்றால் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் என்றுதான் பொருள். அவர் என்ன மதம் என்று யாரும் யோசிப்பதில்லை. தேசியக் கொடியில் தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள், 1885இல் கொழும்பில் உருவான பௌத்த கொடியிலும் இருக்கிறது. அங்கே அது ஞானத்தின் நிறம். வெசாக் வாரத்தில் இரண்டு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கின்றன. யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எந்தத் துணியில், எதற்குப் பக்கத்தில் ஒரு நிறம் நிற்கிறது என்பதைப் பார்த்தே அதை வாசிக்கிறோம்.

அப்படியானால் தேசியக் கொடியையும் அவ்விதமே வாசிக்க வேண்டும். கண்டி அரசின் சிங்கக் கொடி லண்டன் செல்சீயில் இருப்பதை ஈ. டபிள்யூ. பெரேரா கண்டறிந்த பிறகு, அது இருபதாம் நூற்றாண்டுத் தேசிய உணர்வின் சின்னமாயிற்று. அதையே சுதந்திர நாட்டின் கொடியாக்க வேண்டுமென்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. அவர் ஒரு முஸ்லிம் என்பதை எங்கட பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? மற்றச் சமூகங்களுக்கு அதில் இடமில்லையே என்ற கேள்வி எழுந்தபோது, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரி. பி. ஜாயா, ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். பச்சைப் பட்டையும் செம்மஞ்சள் பட்டையும் சேர்ந்த கொடி 1951 மார்ச்சில் ஏற்கப்பட்டது. செனட்டர் நடேசன் மட்டும் இணங்கவில்லை. இது ஒற்றுமையின் சின்னமாகாது என்பது அவர் நிலைப்பாடு. 1972இல் சிங்கத்தின் நான்கு மூலையிலும் அரச இலைகள் வந்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த அரசியலமைப்பும் அதே வருடத்ததுதான்.

இனி வடிவத்தைப் பாருங்கள். மஞ்சள் சட்டம் கொடியை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. பெரிய அறையில் சிங்கம். சின்ன அறையில் இரண்டு பட்டைகள். சிங்கத்துக்கு உருவம் உண்டு, கையில் வாள் உண்டு. பட்டைகளுக்கு நிறம் மட்டுந்தான். பிள்ளை கேட்டதில் பிழையே இல்லை. ஆனால் அவள் கவனிக்காத ஒன்றும் அங்கே இருக்கிறது. பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில் மஞ்சள் கோடு கிடையாது. தமிழ் பேசும் இரண்டு சமூகங்கள் ஒரே அறையில், இடையில் சுவரின்றி நிற்கின்றன. வரைந்தவர்கள் இதை நினைத்து வரைந்தார்களோ இல்லையோ, அரசியலில் நாம் எத்தனையோ சுவர் எழுப்பிய பிறகும் கொடி அதைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

அயல்நாடுகளைப் பார்த்தால் இன்னும் தெளிவு வரும். 1921இல் காந்தியடிகள் முன்வைத்த கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை ஏனையோருக்கு என்றிருந்தது. அதனால் சர்ச்சை வந்தது. 1931இல் காங்கிரஸ், நிறங்களுக்குச் சமூகப் பொருள் இல்லை என்று தீர்மானித்துத் துணிவு, சத்தியம், நம்பிக்கை போன்ற பண்புகளை அவற்றுக்குச் சூட்டியது. அவர்கள் கைவிட்ட முறையை இருபது வருடம் கழித்து நாம் எடுத்துக்கொண்டோம். பங்களாதேஷின் பச்சை அந்த மண்ணின் பசுமை. பாகிஸ்தானிலோ பச்சை பெரும்பான்மை முஸ்லிம்களின் நிறம். கம்பத்தின் பக்கம் நிற்கும் வெள்ளைப் பட்டைதான் சிறுபான்மையோருக்கு. அங்கே நாம் நடு, இங்கே நாம் கரை. இங்கே கரையில் இருப்பது வலிக்கிறதென்றால், அங்கே கரையில் இருப்பவரின் வலியும் எங்களுக்கு விளங்க வேண்டும்.

நிறம் கிடைத்துவிட்டால் உரிமையும் கிடைத்துவிடுமா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். தமிழருக்கென்று செம்மஞ்சள் பட்டை வந்தது அதற்குப் பிறகு, 1951இல். எங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்தவர்களுக்குக் கொடியில் நிறம் இருந்தது, கையில் வோட்டு இருக்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எங்கட வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும் கொடியில் பச்சை இருக்கத்தான் செய்தது. பட்டை இருப்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்றுவது சட்டமும் மனிதர்களும் செய்ய வேண்டிய வேலை.

எங்கட பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிவாசல் சுவர், மத்ரஸா பெயர்ப்பலகை, மீலாத் மலரின் அட்டை எல்லாவற்றுக்கும் பச்சையையே பூசுகிறோம். மார்க்கம் தந்த நிறம் இது ஒன்றுதான் என்பதுபோல! சுவர்க்கவாசிகளின் உடை பச்சை என்று குர்ஆன் சொல்வது உண்மை. பார்ப்பவரை மகிழ்விக்கும் மஞ்சளை ஸூரத்துல் பகராவில் சொன்னதும் அதே குர்ஆன்தான். நபிகளார் (ஸல்) மக்காவுக்குள் வெற்றியோடு நுழைந்தபோது அணிந்திருந்தது கறுப்புத் தலைப்பாகை. அப்பாஸியரின் நிறமும் கறுப்பு. கலீபா மஃமூன் 817இல் அலி ரிழாவை வாரிசாக்கியபோது அதைப் பச்சையாக மாற்றினார், இரண்டு வருடத்தில் மீண்டும் கறுப்புக்கே திரும்பினார். அரசியலுக்கேற்ப அன்றே நிறம் மாறியிருக்கிறது. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்லியிருக்க, ஒரு நிறத்துக்குள் எங்களை நாங்களே ஏன் அடைத்துக்கொள்ள வேண்டும்? "பச்சை என்றால் முஸ்லிம்" என்று மற்றவர் சொல்லும்போது சுருங்கிப்போகிறோம்; அதையே நாமும் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அடுத்த கிழமை அந்த வகுப்பில் கொடியைத் திரும்ப எடுத்தேன். "காத்தடிச்சா கொடிட எந்தப் பக்கம் முதல்ல கிழியும்?" என்று கேட்டேன். பறக்கும் முனை என்றார்கள். "கொடியக் கம்பத்தோட புடிச்சீக்கிறது எந்தப் பக்கம்?" பச்சை என்றார்கள். கேள்வி கேட்ட பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு. இந்தப் பதிலோடு அவள் திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பாகிஸ்தான் கொடியையும் கரும்பலகையில் வரைந்து, அந்த வெள்ளைப் பட்டை யாருடையது என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அங்கெயும் ஒரு புள்ள இப்பிடிக் கேட்டீக்குமா டீச்சர்?"

சித்திரப் பாடத்தில் அவளுக்கு எத்தனை புள்ளி போட்டேன் என்பது நினைவில்லை. அந்தக் கேள்விக்குப் புள்ளி போட என்னிடம் அளவுகோல் இல்லை.