‘ஆபித்’: கேளாமல் வந்த கனவு, தேடிப் பார்க்கும் கனவு

பிரமோத் பதியின் ‘ஆபித்’ (1972) ஐந்து நிமிடம் போல ஓடும் குறும்படம். வீட்டிலிருந்தே பார்க்க யூட்யூபில் படத்தின் பெயரோடு பிலிம்ஸ் டிவிஷன் என்று சேர்த்துத் தேட வேண்டும், காசு கிடையாது. நண்பர்களின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். எங்கே பார்ப்பது என்று கேட்க வேண்டி வந்ததேன் என்பதில்தான் எனக்கு அக்கறை.

வெள்ளை அறையொன்றில் ஓவியர் ஆபித் சூர்த்தி. சுவரிலும் தரையிலும் வண்ணம் ஏறுகிறது. கோட்டோவியங்களை அசைக்கும் அனிமேஷன் அல்ல இது. உயிருள்ள மனிதனை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி எடுத்தது, பிக்சிலேஷன் என்பார்கள். கால் எடுத்து வைக்காமலே நகர்கிறான் மனிதன். பிராகில் திர்ன்காவிடம் பொம்மைப்பட வேலை கற்றவர் பதி. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரப் படங்களை எடுத்ததும் இதே கைதான். மக்களின் உடலைத் தலைக்கணக்காகப் பார்த்த அரசு, எதற்கும் உதவாத இக்கனவுக்கும் படச்சுருள் வாங்கித் தந்திருக்கிறது. அரசை ஒற்றைப் பாறையாகவே பேசிப் பழகிய நாம் இந்த விரிசலை என்ன செய்யப்போகிறோம்?

அன்று பிலிம்ஸ் டிவிஷன் படம் போடுவது தியேட்டர் லைசென்ஸின் நிபந்தனை. ராஜபாளையத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்க வந்தவரும் அதைத் தாண்டித்தான் போகணும். ‘இன்னும் நியூஸ்ரீலே முடியலயாப்பா’ என்று பீடி பிடிக்க வெளியே போனவர்கள் அதிகம். திணிப்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் சர்ரியலிசப் பிரதிக்கு அதுவே பொருத்தமான வாசல். கேளாமல் வந்து விழுந்தால்தான் அது வேலை செய்யும். 1990களில் அந்த வழக்கம் தேய்ந்து நின்றது. இன்றைய அல்காரிதமோ பார்த்ததையே திரும்ப ஊட்டுகிறது. பெயர் தெரிந்தவனுக்கே ஆபித் கிடைப்பார். (பெயர் தெரிந்தவர்கள் நாம் என்ற மிதப்பு சிறுபத்திரிகைக்காரர்களுக்கு உண்டு, அது வேறு கதை.)

அய்யனார் கோவில் போகும் வழியில், மலையடிவாரத் தோப்பொன்றில் செல்போனில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. நின்று நின்று அசையும் படமாதலால் எது தடங்கல், எது படம் என்று புரியவில்லை. ‘இந்த ஆளு உசுரோட இருக்கானா, பொம்மையா?’ என்றார் தோப்பில் காவலுக்கு இருந்த பெரியவர். நான் படித்த விமர்சனம் எதிலும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

படைப்பாளிகள் பலர் எதிர்த்தும், 2022இல் பிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. கனடாவின் திரைப்பட வாரியம் மெக்லாரனின் பிக்சிலேஷன் படமான ‘நெய்பர்ஸ்’ஸை (1952) தன் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது. நம்முடையது ஒரு வணிக நிறுவனத்தின் தளத்தில் கிடக்கிறது. பொதுப்பணத்தில் எடுத்த படம் இது. ஊர்த் திரையிடலுக்கு நல்ல நகலொன்று கேட்டு வாங்க, திரைப்பட இயக்கக்காரர்கள் இப்போதே கழகத்துக்கு எழுதலாம்.