ஒரே முகம்

சூலக்கரையில் ஒரு டீக்கடைச் சுவரில் மூன்று காலண்டர்கள் தொங்குகின்றன. மூன்றிலும் லட்சுமி, மூன்றிலும் அதே முகம். கீழே உள்ள கடைப்பெயர்தான் வேறு. சிவகாசிக் காலண்டரை ஓவியக் கணக்கில் சேர்க்காதவர்கள் எடுத்தவுடன் சொல்லும் குறையும் இதுதான்: அச்சில் வார்த்த மாதிரி ஒன்றையே போடுகிறார்கள்.

அந்தக் குறைக்காகத் தள்ளுவதென்றால் பழைய எகிப்தையும் தள்ள வேண்டும். முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். கி.மு. 3100 வாக்கில் அரசன் நார்மரின் கற்பலகையில் தென்படும் இந்த உடல் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு நின்றது. நிற்கும் ஆளை உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம் போட்டு வரைந்தார்கள். அக்நாத்தென் என்ற அரசன் காலத்தில் முகம் நீண்டு வயிறு சரிந்தது. அவன் போனதும் பழைய வழிக்கே திரும்பினார்கள். கண்ட காட்சியைக் காட்டுவது அவர்கள் வேலையில்லை. இறந்தவனுக்கு மறுமையில் உதவ உருவம் முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூஜைப் படமும் அப்படி ஒரு வேலைக்காகப் பிறந்தது. கும்பிடுகிறவரைச் சாமி பார்க்க வேண்டும். எனவே நேர்முகம், அகன்ற கண், அருள்கிற கை. இதைத் தேர்ந்து செய்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் வழிவந்த படங்களில் சாமிக்குப் பின்னால் விரியும் ஆறும் மலையும் எனக்கு நாடகப் படுதாவாகவே தெரிகின்றன. சாமி மேடையேறி நிற்கிறது, நாம் முன்வரிசையில்.

ஆகவே திரும்ப வருவதை நான் குறையாக எண்ணவில்லை. எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் வந்ததுதான் குறை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிப் பரப்பிய செக்கச்செவேல் அழகு இங்கும் வேர்பிடித்தது. மாரியம்மனுக்கும் அதே கன்னம், காளியின் கோபத்துக்கும் ரோஸ் பவுடர். எகிப்தியர் இதில் கெட்டி: ஹோரஸுக்கு வல்லூற்றுத் தலை, அனுபிஸுக்கு நரித் தலை. கட்டம் ஒன்றானாலும் ஆள் மாறிப்போகாது. நம் கருப்பசாமியின் அரிவாளைப் பிடுங்கிவிட்டால் அவரை யாரென்று சொல்வது?

இப்போது கணினியில் ஒரு படத்துக் கிரீடமும் இன்னொன்றின் முகமும் சேர்ந்துவிடுகின்றன. மூலையில் இருந்த ஓவியர் கையெழுத்து போய்விட்டது. கடைப்பெயரோ வருஷத்துக்கு வருஷம் பெருக்கிறது. எகிப்திலும் பெரியவரைப் பெரிதாகத்தான் வரைந்தார்கள், ஆனால் அங்கே அது அரசன்.

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். டீக்கடையின் மூன்று காலண்டர்களில் ஒன்றில் தேதித்தாளே இல்லை, எந்த வருஷத்தது என்றும் தெரியவில்லை. கடைக்கார அக்கா தினமும் மல்லிகைச் சரம் வைப்பது அதற்குத்தான்.