வோல்ஃப்காங் லைப்பின் 'பால்கல்': சிற்பமும் நிகழ்த்துகையும்

சிற்பம் என்றவுடன் அழியாது நிற்கும் கல்லையும் உலோகத்தையும் எண்ணுவதே வழக்கம். அவ்வெண்ணத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்தியவர்களுள் ஜெர்மானியக் கலைஞர் வோல்ஃப்காங் லைப் (பி. 1950) குறிப்பிடத்தக்கவர். மருத்துவம் பயின்ற இவர், தென்னிந்தியச் சிற்றூர்களின் குடிநீர்த் தூய்மை குறித்து ஆய்வேடு எழுதி 1974இல் பட்டம் பெற்றார். எனினும் அத்தொழிலை மேற்கொள்ளாது கலையை நாடினார். பிற்காலத்தில் மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றிலும் பணிக்கூடம் அமைத்துக்கொண்டார். இத்தொடர்பைக் கொண்டு இவருடைய 'பால்கல்' படைப்பை நமது அபிடேக மரபின் மறுவடிவம் என்று கொள்ளத் தோன்றும். அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1975 முதல் உருவாகிவரும் பால்கற்கள் செவ்வக வடிவான வெண்பளிங்குப் பலகைகள் ஆகும். மேற்பரப்பு மிக மெல்லிய குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அதில் விளிம்புவரை பால் ஊற்றப்படும்போது கல் எது, பால் எது எனப் பிரித்தறிதல் அரிதாகிறது. பால் கெடும் இயல்புடையது. ஆதலின் நாள்தோறும் அதனை அகற்றி, கல்லைத் தூய்மைசெய்து, மறுநாள் புதிய பாலை ஊற்றுதல் வேண்டும். தொடக்கத்தில் ஊற்றுபவர் லைப். பின்னர் அப்பொறுப்பு காட்சிக்கூடப் பணியாளரைச் சேர்கிறது.

அபிடேகத்தில் பால் திருமேனியின்மீது வழிந்தோடுகிறது. ஏற்பதற்கு ஓர் இறைவன் உண்டு. பால்கல்லிலோ பால் அசையாது நிற்கிறது, ஏற்பவர் எவருமிலர். பால் இல்லாதபோதும் திருமேனி திருமேனியே. பால் இல்லாத பால்கல் வெறும் பளிங்குப் பலகை. எனவே ஒற்றுமையைப் பொருளில் தேடுவதைவிட, நாள்தோறும் தவறாது செய்யும் ஒழுங்கில் தேடுவதே பொருத்தமுடையது. ஊற்றுதலும் கழுவுதலும் சிற்பத்திற்குப் புறம்பான பராமரிப்புப் பணிகள் அல்ல, சிற்பத்தின் உறுப்புகளே. நிகழ்த்துகலைஞர் பலர் தம் உடலையே காட்சிப்பொருளாக்குவர். லைப்போ தம் உடலை மறைத்து, செயலின் விளைவை மட்டும் விட்டுச்செல்கிறார்.

2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவர் பரப்பிய ஹேசல் மரத்து மகரந்தம் ஏறத்தாழ 18 அடிக்கு 21 அடிப் பரப்புடையது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தம் ஊர்ப்புறத்தில் கையால் சேர்த்தது அது. காண்போர் சேகரித்தலைக் காண்பதில்லை. ஆயினும் அந்த மஞ்சள் பரப்பின்முன் பல ஆண்டுகளின் பொறுமையை உணர்கின்றனர். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுதலை மெய்ப்பாடு என்பார் தொல்காப்பியர். இங்கு உணர்வு உடலை விட்டுப் பொருளில் புலப்படுகிறது எனலாம்.

எனினும் இக்கலையின் தூய்மை குறித்து ஒரு வினா எழுகிறது. லைப் ஆய்வேட்டில் நோக்கிய தூய்மை, சிற்றூர் மக்களின் நோயோடும் உயிரோடும் பிணைந்தது. நம் சமூகத்திலோ அதே சொல் மனிதரைப் பிரித்து நிறுத்தவும் பயன்பட்டுள்ளது. பால்கல்லின் வெண்மையில் இவ்விரண்டின் சுவடும் இல்லை. பால் கறந்தவரின் உழைப்பும் அங்குப் புலப்படுவதில்லை. இது அப்படைப்பின் அமைதிக்குக் காரணம். அதன் எல்லையும் இதுவே.

ஆகவே, பால்கல்லை 'நம்முடையது' என உரிமை கொண்டாடுவதால் பெறுவது சிறிது. அபிடேகத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டை உணரும்போதுதான் லைப்பின் தனித்தன்மை தெளிவாகிறது. அன்றாடம் கண்டு பழகிய நம் வழிபாட்டுச் செயல்களையும் புதிதாக நோக்க இயல்கிறது. ஒப்பாய்வை வகுப்பறையில் கற்பிப்போர் கருத்திற்கொள்ளத்தக்கது இது.