அதிகார வினைகளும் பொருள் வேறுபாடும்: ஆங்கிலச் சொற்கள் சில பற்றிய ஒரு நோக்கு

ஒரு மொழியிலே ஒருபொருள் குறித்தனவாகத் தோன்றும் சொற்கள், நுணுகி நோக்குமிடத்து, தம்முள் வேறுபட்டு நிற்றலே பெரும்பான்மை. அதிகாரம் செலுத்துதலைக் குறிக்கும் ஆங்கில வினைகள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ‘றூல்’, ‘றெயின்’, ‘கவேர்ன்’ என்னும் மூன்றினையும் ‘ஆள்’, ‘ஆட்சி செய்’ என்றே தமிழிற் பெயர்த்து அமைதல் எம்மிடையே பெருவழக்கு. இவ்வழக்கினால் இழக்கப்படுவது சொல்நயம் மட்டுமன்று. அதிகாரத்திற்குப் பொறுப்பாளி யார் என்ற வினாவும் மறைந்துவிடுகின்றது.

1066இல் நிகழ்ந்த நோர்மானியப் படையெடுப்பின் பின்னரே இம்மூன்று சொற்களும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தன. மூன்றும் இலத்தீன் வழிவந்தனவே. எனினும் அவற்றின் உட்படிமங்கள் வேறு. ‘றூல்’ என்பது நேர்கோலைக் குறித்த சொல்லினின்று பிறந்தது. எமது ‘செங்கோல்’ என்ற சொல்லும் வளையாத கோலையே சுட்டுவது ஒப்புநோக்கத்தக்கது. ‘கவேர்ன்’ கிரேக்கத்திலே கப்பலைச் செலுத்துதலைக் குறித்தது. ‘றெயின்’ அரசனைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அது செயலினும் பதவியையே முதன்மைப்படுத்துகின்றது.

இவ்வேறுபாட்டை இலக்கணமும் உறுதிசெய்கின்றது. ‘றூல்’, ‘கவேர்ன்’ ஆகியவை செயப்படுபொருளை நேரே ஏற்பன. ‘றெயின்’ செயப்படுபொருள் குன்றிய வினை. ஆளப்படுவோரைச் சுட்ட வேண்டின், ‘மீது’ என்னும் பொருள்தரும் இடைச்சொல் ஒன்றின் துணை அதற்கு வேண்டும். மௌனமும் குழப்பமும் ஓரிடத்தில் நிலவுவதை ஆங்கிலேயர் இவ்வினையாலேயே கூறுவர். எனவே இது ஒருவர் பிறர்மேற் செய்யும் செயலன்று. ஒரு நிலை எனலாம்.

இப்பண்புக்கு அரசியற் பொருளை ஏற்றியது வரலாறு. 1688-89 புரட்சியின் பின்னர் இங்கிலாந்திலே முடியின் அதிகாரம் படிப்படியாகப் பாராளுமன்றத்தையும் அமைச்சரவையையும் சார்ந்தது. 1830இலே பிரெஞ்சு அரசியலாளர் தியேர், மன்னர் முடிதரித்திருப்பாரேயன்றி அரசு நடத்தார் என்ற கொள்கையை இவ்விரு வினைகளின் எதிர்நிலை கொண்டே முன்வைத்தார். 1867இலே நூல்வடிவு பெற்ற ‘ஆங்கில அரசியலமைப்பு’ என்ற ஆக்கத்திலே வோல்டர் பஜட், அரசியலமைப்பின் மாட்சிமிகு கூறுகளையும் செயற்படு கூறுகளையும் வேறுபிரித்தார். ஒருபாலது ‘றெயின்’, மறுபாலது ‘கவேர்ன்’.

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தையும் இந்நோக்கிலே படிக்கலாம். லியர் அதிகாரத்தையும் வருவாயையும் மக்களிடம் ஒப்படைத்து, மன்னன் என்ற பெயரையும் நூறு வீரரையும் தனக்கென வைத்துக்கொள்கின்றான். ஆளாமலே முடிமாட்சியுடன் இருத்தல் கூடும் என்பது அவன் எண்ணம். பெயரைக் காக்கும் அமைப்பு எதுவுமில்லாத நிலையிலே, அவ்வீரரின் தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு ஒருவரும் வேண்டுவதில்லை என்ற நிலை எய்துகின்றது. அவனது அவலத்தின் ஒரு கூறு, இவ்விரு வினைகளுக்கும் இடையிலுள்ள வெளியிலேயே நிகழ்கின்றது எனலாம்.

ஏனைய வினைகளும் தத்தம் தோற்றுவாயைச் சுட்டுவன. ‘கொன்ட்றோல்’ கணக்கைச் சரிபார்ப்பதற்கு வைத்த எதிர்ச்சுருளிலிருந்து வந்தது; தடுத்தலும் மேற்பார்வையும் அதன் உயிர். ‘அட்மினிஸ்டர்’ ஏவலரைக் குறித்த சொல்லின் வழியது. பிறர் தந்த அதிகாரத்தை நடைமுறைப்படுத்துதல் அதன் பொருள். ‘டொமினேற்’ வீட்டுத் தலைவனை, அடிமைகளின் உடைமையாளனைக் குறித்த சொல்லின் வழிவந்தது. அதிலே உரிமையினும் வலிமையே மேலோங்கும்.

இவ்வேறுபாடுகள் எமக்கும் அயலானவையல்ல. 1948 முதல் 1972 வரை இலங்கை பிரித்தானிய முடியைத் தலைமையாகக் கொண்டிருந்தது. மகாதேசாதிபதி அதன் பிரதிநிதியாக விளங்கினார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும் முடியின் பெயராலேயே இசைவு பெற்றது. ஆயின் அதனை ஆக்கியது பாராளுமன்றப் பெரும்பான்மை. அக்காலத்தை ‘மகாராணி ஆண்ட காலம்’ என மொழிபெயர்த்து எழுதின், முடிவெடுத்தோர் மறைந்து முடிதரித்தோரே எஞ்சுவர்.

இதனாலே தமிழ் சொல்வளம் குன்றியது என்று கொள்ளவேண்டியதில்லை. ‘கையாளுதல்’, ‘சொல்லாட்சி’ என்பவற்றிலே ‘ஆள்’ பயன்படுத்துதலையும் குறிக்கின்றது. ஆங்கிலத்தின் பழஞ்சொல்லாகிய ‘வீல்ட்’ என்பதும் முன்னர் ஆளுதலைக் குறித்து, இன்று கருவியையும் அதிகாரத்தையும் கையாளுதலைக் குறிக்கின்றது. ‘ஆள்’ பரந்த சொல்லாதலின், பிற சொற்கள் அதன் சுமையைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். ‘றெயின்’ என்பதற்குச் சோழர் மெய்க்கீர்த்திகளிலே பயின்ற ‘வீற்றிருத்தல்’ பொருந்தும். அதுவும் செயப்படுபொருள் குன்றியதே. ‘கவேர்ன்’ என்பதற்கு ‘அரசு நடத்துதல்’, ‘அட்மினிஸ்டர்’ என்பதற்கு ‘நிருவகித்தல்’ என வகுத்துக்கொண்டு, ‘ஆளுதல்’ என்பதை ‘றூல்’ என்பதற்கே உரியதாக்கலாம். சட்டத்தையும் வரலாற்றையும் மொழிபெயர்ப்போர் இவ்வரையறையைப் பேணுதல் இன்றியமையாதது.