அணையத் தெரிந்த ஒலி

ஹொஃப்னர் வயலின் பேஸை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: சஸ்டெய்ன் இல்லை. மீட்டிய விரல் திரும்புமுன் நோட் போய்விடுகிறது என்பார்கள். ஜாஸ் பேஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டில் என்னுடையதை வாங்கிக் கொஞ்சம் வாசித்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, தப்பு அடிச்ச மாதிரி பொத்துப் பொத்துன்னு விழுதே" என்று திருப்பித் தந்தார். அவர் குறையாகத்தான் சொன்னார். அந்தப் 'பொத்'துக்காகத்தான் நான் இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

என்னிடம் இருப்பது அறுபதுகளின் கடைசிக் காலத்தது. பிக்அப்பில் ஸ்டேபிள் கிடையாது, பிளேடு. ஆகவே 1967க்கு முந்தியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சேகரிப்பாளர்கள் ஸ்டேபிளுக்குத்தான் உயிரை விடுவார்கள், பீட்டில்ஸின் பேஸ்காரர் மெக்கார்ட்னியின் 1963 பேஸில் அது இருக்கிறது என்பதற்காக. இருக்கட்டும். என் காதுக்குப் பிளேடில் நடு ஒலி இன்னும் கொஞ்சம் முன்னால் வருகிறது. பேச்சும் பாத்திரச் சத்தமும் நிறைந்த மண்டபத்தில், சின்ன அம்ப்பில், அந்தக் கொஞ்சம்தான் பேஸைக் காதுவரை கொண்டுவந்து சேர்க்கிறது. கொழும்பு ஹோட்டல் பேண்டுகளில் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். வாங்கும்போதே பிக்கார்ட் சுருங்கி நொறுங்கிப் போயிருந்தது. பழைய ஹொஃப்னர்களின் முத்துநிறச் செலுலாய்டுக்கு அதுதான் விதி. நான் புதிது போடவில்லை.

இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த உறுப்பு குதிரை. கறுத்த மரத்துண்டு, மேலே காடி வெட்டி, அதில் ஃப்ரெட் கம்பியின் சின்னத் துணுக்குகளைச் செருகியிருப்பார்கள். ஆணி இல்லை, பசை இல்லை. நான்கு தந்திகளின் அழுத்தம் ஒன்றே அதைப் பலகையின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறது. தந்திகளை மொத்தமாகக் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். அப்புறம் அதன் இடத்தைத் தேடி அரை நாள் போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மொனிக்கையும் அழுத்திய நோட்டையும் மாறி மாறிக் கேட்டு, அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையைத் தந்திக்கட்டைப் பக்கமாக ஒரு மயிரிழை தள்ள வேண்டும். ஒரு தந்திக்குச் சரிவந்தால் அடுத்தது முறைக்கும். ஸ்குரூவைத் திருகி ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாகச் சரிசெய்யும் ஃபெண்டர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வயலினோ வீணையோ வைத்திருப்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

வயலின்காரர்களின் கைதான் இது. ஹொஃப்னர் குடும்பம் 1887இல் தொழில் தொடங்கிய ஷோன்பாக், வயலின் செய்பவர்களின் ஊர். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. போருக்குப் பின் ஜேர்மன்காரர்கள் அங்கிருந்து விரட்டப்பட, பவேரியாவின் பூபன்ரோய்ட்டில் போய்க் குடியேறினார்கள். அங்கேதான் 1955இல் வால்டர் ஹொஃப்னர் இந்த 500/1ஐ வடிவமைத்தார். டபுள் பேஸ் வாசிக்கிறவனுக்கு மின்சாரப் பேஸ் ஒன்று வேண்டும், அது அவனுக்குப் பழகிய ஒலியைத் தர வேண்டும் என்பது நோக்கம். டபுள் பேஸை விரலால் மீட்டினால் நோட் எழும்பி, பருத்து, உடனே அடங்கிவிடும். அதே அடக்கம் இதிலும் வேண்டுமென்று ஸ்ப்ரூஸ் முகப்பும் மேப்பிள் முதுகுமாக உள்ளே வெற்றிடம் வைத்துக் கட்டினார். தந்தியின் பலத்தைப் பலகை வாங்கிக்கொண்டு அசைகிறது. வாங்கிக்கொள்வதால்தான் நோட் சீக்கிரம் முடிகிறது. சஸ்டெய்ன் இல்லை என்று குறைப்படுகிறவர்கள், செய்தவர் வேண்டுமென்றே செய்ததைக் குறையாகக் காண்கிறார்கள்.

ஃபெண்டரின் கதையும் அந்தக் காலத்தில் வேறாக இருக்கவில்லை. பிரிசிஷன் பேஸின் குதிரைக்கு மேலே வரும் உலோக மூடிக்குள் நுரைத்துண்டு ஒன்றை வைத்தே விற்றார்கள், நோட் நீளக்கூடாதென்று. மோட்டவுனின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் அந்த நுரையைக் கழற்றவில்லை. லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் தந்திகளையும் அறுந்தாலொழிய மாற்றுவதில்லை. இன்று பேஸ் ஒலியின் உச்சமென்று எல்லாரும் கும்பிடும் அறுபதுகளின் ரெக்கோட்டுகள் பெரும்பாலும் இப்படிக் குறுகிய நோட்டுகளால் ஆனவை. நுரையைப் பிய்த்தெறிந்தது பின்னால் வந்த தலைமுறை.

ஆல் மை லவிங் பாட்டுக்கு வருகிறேன். எங்கே தொடங்கினாலும் நான் அங்கேதான் போய் நிற்பேன் என்று வீட்டில் சொல்வார்கள். 1963 ஜூலை 30ஆம் திகதி லண்டனில் பதிவானது. லெனனின் கிட்டார் மும்மூன்றாக விடாமல் உதறிக்கொண்டே போகிறது. அதன் அடியில் மெக்கார்ட்னி ஒரு தட்டுக்கு ஒரு நோட் என்று நடக்கிறார். வாயால் பாடிக்கொண்டு, பிக்கால் வாசித்துக்கொண்டு. அந்த நடையில் ஒவ்வொரு நோட்டும் அடுத்தது வருமுன் இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு வெளி கிடைக்கிறது. லெனனின் கிட்டார் அந்த வெளிக்குள்தான் மூச்சு விடுகிறது. அதே வரிசையை நீளும் நோட்டுகளால் வாசித்துப் பாருங்கள், கிட்டாரும் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். நானே ஒருமுறை இரவல் வாங்கிய கெட்டிமர பேஸில் வாசித்துப் பார்த்தேன். நோட்டுகள் சரி, தாளம் சரி, பாட்டு மட்டும் கனத்துப்போனது. இடது கையால் ஒவ்வொரு நோட்டையும் வெட்டி வெட்டி வாசிக்க வேண்டியிருந்தது. ஹொஃப்னரில் அந்த வேலையில் பாதியை மரமே செய்துவிடுகிறது.

மெக்கார்ட்னி தன் முதல் ஹொஃப்னரை 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கியபோது விலை முப்பது பவுணுக்குப் பக்கம். ஃபெண்டருக்கு நூறு பவுண் கேட்டார்கள், கையில் இல்லை. இடக்கைக்காரருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம் கண்ணை உறுத்தாது என்பதும் இன்னொரு காரணம். காசில்லாததால் வந்து சேர்ந்த கருவி, அவருடைய ஒலியாகவே ஆகிவிட்டது. அந்த பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவுபோய், அது மீண்டும் அவர் கைக்கு வந்த செய்தி 2024 பெப்ரவரியில் வெளியானபோது எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

அவருடைய உச்சம் 1966 என்று சொல்லும் கட்சியொன்று உண்டு. பேப்பர்பேக் ரைட்டரிலும் ரெயினிலும் அவர் வாசித்தது ரிக்கன்பேக்கர். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக் பெரிய ஸ்பீக்கரையே மைக்காக்கிப் பதிவு செய்தார். பேஸ் முன்னால் வந்து தானாகப் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பேஸ் முன்னால் வந்தால்தான் நல்ல பேஸ் என்று அன்றைக்குத் தொடங்கிய எண்ணம் இன்றைக்கு எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் மொட்டை மாடியில் கடைசியாக வாசிக்க ஏறியபோது அவர் தோளில் மறுபடி ஹொஃப்னர்தான் இருந்தது. எண்பதுகளின் இறுதியில் பாடகர் எல்விஸ் கொஸ்டெலோ வற்புறுத்தித்தான் அதைத் திரும்ப வெளியே எடுத்தார். அதன்பின் கீழே வைக்கவில்லை.

எங்கள் பக்கக் காதுகளுக்கு இந்த ஒலி அந்நியமானதல்ல என்பது என் துணிபு. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் தப்பை முதலில் நெருப்பில் காய்ச்சுவார்கள். பனியில் தளர்ந்த தோல் இறுகினால்தான் அடி வெட்டாக விழும். தடித்த குச்சி விழுந்ததும் ஒலி எழும்பி அங்கேயே முடிந்துவிடும். அடுத்த அடி தெளிவாகக் கேட்கும். நார்வூட், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கம் வளர்ந்தவனுக்குத் தாளம் என்றால் இப்படி முடிந்து முடிந்து வரும் ஒலிதான். நண்பர் தப்பென்று சொன்னது சரியான காது.

வானொலி வழியாக வந்ததும் அதே ருசிதான். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸும் சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசையைப் பரப்பினார்கள். அந்தக் காலத்து பைலாவைக் கேட்டுப் பாருங்கள். ஆறு எட்டுத் தாளம் துள்ள வேண்டுமானால் பேஸ் தொட்டுவிட்டு விலக வேண்டும். நோட்டை இழுத்தால் ஆடுகிறவன் கால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து தந்தி கிடைக்காத நாட்களில், 1977க்குப் பிறகு கதவு திறக்கும்வரை, ஒரே செட் தந்தியோடு வருடக்கணக்கில் காலம் தள்ளியவர்கள் உண்டு. பழந்தந்தியின் மங்கிய ஒலி அப்படியும் நம் காதில் ஊறியது.

நார்வூட்டில் இப்படியொரு கருவியை வைத்திருப்பது பராமரிப்பு வேலைதான். தென்மேல் மழை தொடங்கினால் உள்ளே வெறுமையான மரம் ஈரத்தைக் குடிக்கும், முகப்பு கொஞ்சம் எழும்பும், தந்தி உயரும். மாசி, பங்குனி வெயிலில் அது திரும்ப இறங்கும். கேஸுக்குள் சிலிக்காப் பொட்டலம் போட்டாலும் வோல்யூம் குமிழ் கரகரக்கும், சுவிட்சுகள் பச்சை பிடிக்கும். அந்த ரிதம்–சோலோ சுவிட்சை நான் தொடுவதே இல்லை. ஒலியைக் குறைக்க எனக்கு விரல் இருக்கிறது. தந்தி ஃப்ளாட்வவுண்ட் மட்டும்தான். முப்பது அங்குல ஸ்கேலில் தந்தி தளர்வாக நிற்கும். அதில் ரவுண்ட்வவுண்டைப் போட்டால் உலோகச் சத்தம் கேட்கும், மரம் கேட்காது. எடை ரெண்டேகால் கிலோவுக்குப் பக்கம், ஒரு பிரிசிஷனில் பாதிக்குச் சற்று மேல். விடிய விடிய நின்று வாசித்தவர்களுக்கு அதன் அருமை தோளில் தெரியும்.

இதற்கு ஒத்துவராதது இன்றைய மேடைதான். பேஸ் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கி வைக்கிறார்கள். வெற்றுடம்புக் கருவி அந்தச் சத்தத்தைத் தானே வாங்கித் திருப்பி ஊளையிடும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ஒலிபெருக்கிக்காரத் தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். கல்யாணத்துக்கு வரும் பேண்டுகள் பலவற்றில் இப்போது பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. கீபோர்ட்காரர் ஸ்டைல் பொத்தானை அமுக்கினால் பேஸும் அதிலேயே வந்துவிடுகிறது. பாட்டு எதுவானாலும் அதே நாலு அசைவு, நெஞ்சுக்கூட்டை உலுக்கும் அதே அதிர்வு. பேஸ் என்றால் சுருதியுள்ள வாத்தியம் என்பதே மறந்துவிட்டது. கீழ் ஈ தந்தி நாற்பத்தோரு ஹெர்ட்ஸ். அதை மட்டும் ஊதிப் பெருக்கினால் எந்த நோட் வாசிக்கப்படுகிறது என்று யாருக்குக் கேட்கும்?

இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு பேஸ் பழகும் பையன்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவற்றில் பேஸ் வாசித்த சசிதரனின் ஓட்டங்களை நோட் பிசகாமல் வாசிக்கிறார்கள், வேகமும் இருக்கிறது. அவர் விரலை எடுக்கும் இடங்களை மட்டும் யாரும் பழகுவதில்லை. பல்லவியில் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் நின்றுவிட்டு, ஒரு தட்டுக் கழித்து வந்து சேரும். பாட்டு அங்கேதான் மிதக்கிறது. கருவி எதுவானாலும் அது அணைக்கத் தெரிந்த கை. ஹொஃப்னரில் ஆறு மாதம் வாசித்தால் காது தானாக அந்த இடங்களைத் தேடத் தொடங்கும் என்று சொல்கிறேன். அவர்களோ ஐந்து தந்தி பேஸுக்குக் காசு சேர்க்கிறார்கள்.

விலைக்குக் கேட்டுக் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் உண்டு. பிளேடா ஸ்டேபிளா என்று குனிந்து பார்க்கிறார்கள், பிக்கார்ட் இல்லை என்று உச்சுக்கொட்டுகிறார்கள், கழுத்து சேரும் இடத்தை டோர்ச் அடித்துச் சோதிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்ப்பில் செருகி ஒரு நோட் கேட்க வேண்டுமென்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அப்படிக் கேட்கிறவர் வந்தால் விலை பேசலாம்.