ஊசி பிடித்த பாட்டி

அமெரிக்காவின் 'கிராண்ட்மா மோசஸ்' பாட்டியை உலகம் ஓவியராகத்தான் அறியும். ஆனால் தூரிகைக்கு முன் அவர் கையில் இருந்தது ஊசி.

1860இல் பிறந்தவர், வாழ்நாளெல்லாம் பண்ணை வேலை. 1927இல் கணவர் இறந்தார். எழுபதைத் தாண்டியபின், கம்பளி நூலால் கிராமக் காட்சிகளைத் தைத்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். மூட்டுவலி ஊசியைப் பிடிக்கவிடாமல் செய்ததும், சகோதரியின் யோசனைப்படி வண்ணத்துக்கு மாறினார். அதன் பிறகு வந்ததுதான் புகழ்.

புகழ் வராவிட்டாலும் பாதகமில்லை. ஓய்வுக்காலத்துக்குப் பூத்தையலைப் போல இவ்வளவு மலிவான பொழுதுபோக்கு வேறு எது? ஒரு வட்டச் சட்டம், அரை மீட்டர் பருத்தித் துணி, நாலைந்து நூல்கண்டுகள்.

பூத்தையல் நூலில் பொதுவாக ஆறு இழைகள் இருக்கும். இரண்டைப் பிரித்தால் மெல்லிய காம்பு. ஆறையும் கோத்தால் தடித்த சங்கிலித் தையல். நீலகிரித் தோடர் பெண்களுக்குச் சட்டம்கூட வேண்டாம். துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாய்த் தைத்துவிடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது.

கண் மங்கியவர்கள் தயங்க வேண்டாம். காது அகன்ற ஊசியையும் இழை தெளிவாகத் தெரியும் துணியையும் கேட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் தையுங்கள்.