ஒயிட் கிறிஸ்துமஸ் (திரைப்படம்)

ஒயிட் கிறிஸ்துமஸ் 1954-இல் வெளிவந்த அமெரிக்க இசைத் திரைப்படம். மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கினார். பாடல்கள் இர்விங் பெர்லினுடையவை. பிங் கிராஸ்பி, டேனி கே, ரோஸ்மேரி க்ளூனி, வேரா எலன், டீன் ஜாகர் ஆகியோர் நடித்தனர். பாரமவுண்ட் நிறுவனத்தின் விஸ்டாவிஷன் என்னும் அகலத்திரை முறையில் வெளியான முதல் படம் இது. பண்டிகைக் காலப் பொழுதுபோக்குப் படமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் போர் முடிந்தபின் படைவீரனுக்கு என்ன இடம் என்ற கேள்வியே இதன் மையம்.

கதை

1944 கிறிஸ்துமஸ் முந்திய இரவு, ஐரோப்பியப் போர்முனை. பாடகர் பாப் வாலஸும் சிப்பாய் ஃபில் டேவிஸும் வீரர்களுக்காக நிகழ்ச்சி நடத்துகின்றனர். பதவியிலிருந்து மாற்றப்படும் ஜெனரல் வேவர்லி தம் படையிடம் விடைபெறுகிறார். இடிந்து விழும் சுவரிலிருந்து பாப்பைக் காப்பாற்றுகையில் ஃபில்லுக்குக் கையில் அடிபடுகிறது. போருக்குப் பின் இருவரும் புகழ்பெற்ற மேடை இணையர் ஆகின்றனர். பத்தாண்டு கழித்து, பாடகிகளான ஹேன்ஸ் சகோதரிகளுடன் வெர்மான்ட் மாநிலத்துக்குச் செல்கின்றனர். அங்கே பனி பெய்யாததால் விருந்தினர் வராத விடுதி ஒன்றின் உரிமையாளராக வேவர்லியைக் காண்கின்றனர். அவரைக் கைதூக்கிவிட, பழைய வீரர்களை எல்லாம் அங்கே திரட்டுகிறார் பாப்.

மதிப்பீடு

படத்தை நகர்த்துவது காதலைவிடக் கடனே. ஃபில் தனக்குக் காரியம் ஆகவேண்டிய போதெல்லாம் அடிபட்ட கையைத் தடவிக் காட்டுகிறார், பாப் இணங்கிவிடுகிறார். உயிர்காத்த கடன் இங்கே நகைச்சுவை. வேவர்லிக்கு வீரர்கள் பட்ட கடனோ கண்ணீர் வரவழைப்பது. ஒரே பொருளை இரு தொனிகளில் கையாண்டிருப்பது திரைக்கதையின் வலிமை.

மிகச் சிறந்த காட்சியில் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. மீண்டும் பணியில் சேர விண்ணப்பித்த வேவர்லிக்கு மறுமொழி வருகிறது. கண்ணாடி இல்லாததால் பாப்பைப் படிக்கச் சொல்கிறார். வேடிக்கையான சொற்களில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் பொருள் ஒன்றுதான்: இனி நீங்கள் தேவையில்லை. டீன் ஜாகர் அதைச் சிறு முகமாற்றத்தில் காட்டிவிடுகிறார். அவரும் கிராஸ்பியும் 1903-இல் பிறந்த ஒரே வயதினர் என்பதை நடிப்பு மறக்கச் செய்கிறது.

படம் துணிந்து எழுப்பும் கேள்வி வேறொன்று. வேவர்லியின் நிலையைத் தொலைக்காட்சியில் காட்டி விளம்பரம் தேடலாம் என்ற யோசனை வருகிறது. பாப் மறுக்கிறார். தொலைபேசியில் பாதி மட்டும் ஒட்டுக்கேட்ட பணிப்பெண் எம்மா தவறாகச் சொல்ல, பெட்டி ஹேன்ஸ் கோபித்து நியூயார்க் போய்விடுகிறாள். ஒருவருடைய தாழ்வைக் காட்சிப்பொருளாக்குவது தகுமா என்ற கேள்வி இப்படிக் காதலர் பிணக்காகச் சுருங்கிவிடுகிறது. பெட்டியின் ஐயம் பொருளற்றதல்ல. நிறைவுக் காட்சியில் வேவர்லியின் கண்ணீர் மேடை நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத்தானே ஆகிறது?

பெர்லினும் கர்ட்டிஸும் 1943-இல் 'திஸ் இஸ் தி ஆர்மி' படத்தில் இணைந்திருந்தனர். அதில் படைவீரர்கள் மேடைக்கலைஞர் ஆனார்கள். இதில் மேடைக்கலைஞர்கள் மீண்டும் சீருடை அணிகிறார்கள். படைவாழ்வே கவலையற்றது என ஏங்கும் பாடல் ஒன்றும் உண்டு. அது கேலியாகப் பாடப்பட்டாலும் படம் அந்த ஏக்கத்தை நம்புகிறது. வேவர்லிக்கு மரியாதை திரும்புவதும் சீருடை அணிந்த பிறகே. விடுதிக்காரராகவே அவர் மதிக்கப்படும் வழியைப் படம் தேடவில்லை. கொரியப் போர் 1953-இல்தான் ஓய்ந்திருந்தது. அதன் சுவடும் இங்கில்லை.

இசை

தலைப்புப் பாடல் 1942-இல் வந்த 'ஹாலிடே இன்' படத்துக்காக எழுதப்பட்டு ஆஸ்கர் விருது பெற்றது. இங்கே அது இருமுறை ஒலிக்கிறது. முதலில், குண்டு விழும் ஊரில், வீடு திரும்ப ஏங்குவோர் நடுவே, எளிய துணையிசையோடு. இறுதியில், மேடையின் பின்கதவு திறந்து பனி பொழிய, செந்நிற உடைகளின் பகட்டோடு. முதல் முறையே நெஞ்சைத் தொடுகிறது. வீடு எட்டாத தொலைவில் இருந்தபோதுதான் அந்தப் பாட்டுக்கு முழுப்பொருள் இருந்தது. பத்தாண்டுக்குப் பின் அதே பாட்டைக் கேட்கும் வீரர்கள் வீட்டுக்கு அல்ல, போர்க்காலத் தோழமைக்கே ஏங்குகிறார்கள். அந்த மாற்றத்தைப் பதிவுசெய்ததே இப்படத்தின் நிலைத்த மதிப்பு.